வண்டிக்கும் மண்ணுக்கும் நடுவே

2021 ஜனவரி 12. பொங்கலுக்கு இன்னும் இரண்டே நாள். தஞ்சாவூர் மாவட்டம் வரகூர் அருகே தனியார் பேருந்து ஒன்று சாலையோரம் இறங்கிச் சாய்ந்தபோது, தாழ்வாகப் போன மின்கம்பி அதன்மேல் பட்டது. நான்கு பயணிகள் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து, ராஜஸ்தானின் ஜாலோர் மாவட்டத்தில், வழி தவறி ஒரு கிராமத்துக்குள் நுழைந்த யாத்திரைப் பேருந்து இரவு நேரத்தில் 11 கிலோவோல்ட் கம்பியில் உரசித் தீப்பற்றியது. ஆறு பேர் பலியானார்கள். கம்பியைக் கழியால் தூக்கிவிடுவதற்காக நடத்துநர் கூரைமேல் ஏறினார் என்று அப்போது செய்திகள் வந்தன. 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் மறுபடியும் தஞ்சாவூர் பக்கம். களிமேடு கிராமத்தில் அப்பர் சதய விழாத் தேரைத் திருப்பும்போது அதன் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 உயிர்கள் போயின. இறந்தவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள்.

பேருந்தும் தேரும் மட்டும் என்றில்லை. “வைக்கோல் ஏற்றிய லாரி மின்கம்பியில் உரசித் தீப்பிடித்தது” என்ற செய்தி அறுவடைக் காலம்தோறும் தமிழ் நாளிதழ்களில் வந்துகொண்டே இருக்கிறது. திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் போகும் போர்வெல் வண்டிகள், ஜல்லியைக் கொட்டிவிட்டுத் தொட்டியை இறக்காமலே நகரும் டிப்பர்கள், கட்டடம் எழும்பும் இடங்களில் நெடுங்கையை நீட்டும் கான்கிரீட் பம்புகள், கிரேன்கள், ஒலிபெருக்கியும் தோரணமும் கட்டிய ஊர்வல வண்டிகள் என்று பட்டியல் நீளும். நிமிர்ந்து நிற்கும் எந்த வண்டிக்கும் தலைக்குமேல் இந்த ஆபத்து உண்டு.

இப்படிப்பட்ட விபத்துகள் பலவற்றில், கம்பி படும் கணத்துக்கும் உயிர் போகும் கணத்துக்கும் இடையே கொஞ்ச நேரம் கிடைக்கிறது. சில நொடிகளோ, சில நிமிடங்களோ இருக்கலாம். அந்த நேரத்தில் யாருக்கும் இயல்பாகத் தோன்றுவது இறங்கி ஓடிவிட வேண்டும் என்பதுதான். வெளியே நிற்பவருக்குத் தோன்றுவது, ஓடிப்போய்க் கைகொடுத்து இறக்கிவிட வேண்டும் என்பது. கம்பி பட்ட வண்டியைப் பொறுத்தவரை இந்த இரண்டும்தான் ஆளைக் கொல்கின்றன. ஏன் என்பதைப் புரிந்துகொண்டவர்களுக்கு, என்ன செய்வது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது.

காகத்திலிருந்து தொடங்கலாம். உயர் அழுத்தக் கம்பியில் காகம் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. அதன் இரண்டு கால்களும் ஒரே கம்பியில், ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. அழுத்தத்தில் வித்தியாசம் இல்லாததால் அதன் உடல் வழியே மின்சாரம் ஓட வேண்டிய காரணம் இல்லை. அதே காகம் சிறகை விரித்து, பக்கத்துக் கம்பியையோ கம்பத்தின் இரும்புச் சட்டத்தையோ தொட்டுவிட்டால் அந்தக் கணமே செத்து விழுகிறது.

லாரியின் கேபினுக்குள் இருக்கும் ஓட்டுநரும் கம்பிமேல் உட்கார்ந்த காகத்தின் நிலையில்தான் இருக்கிறார். 11 கிலோவோல்ட் என்பது மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டுக்கு நடுவிலான அழுத்தம். ஒரு கம்பிக்கும் தரைக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய 6,350 வோல்ட். கம்பி பட்டதும் வண்டியின் இரும்பு உடல் முழுவதும் அந்த அழுத்தத்துக்கு ஏறிவிடும். ஸ்டியரிங், இருக்கைச் சட்டம், கதவு, மிதிபலகை எல்லாம் ஒன்றாக ஏறியிருப்பதால் உள்ளே இருப்பவருக்கு வித்தியாசம் எதுவும் தெரிவதில்லை. மைக்கேல் ஃபாரடே 1836இல் 12 அடிக் கனசதுரமாக ஓர் அறையைக் கட்டி, அதன் புறத்தை உலோகத்தால் மூடி, அதற்கு மின்னேற்றம் செய்தார். தாமே உள்ளே போய் உட்கார்ந்து, நுண்ணிய கருவிகளால் சோதித்தார். வெளியே பொறி பறந்தபோதும் உள்ளே மின்சாரத்தின் அடையாளமே தென்படவில்லை. நாலாபுறமும் இரும்பு சூழ்ந்த கேபினும் பேருந்தும் ஓரளவுக்கு அந்த அறையைப் போன்றவை.

இந்தப் பாதுகாப்பு எல்லா வண்டிக்கும் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இருசக்கர வண்டிக்கும், கூண்டில்லாத டிராக்டருக்கும், பக்கங்கள் திறந்த ஆட்டோவுக்கும் ஃபாரடேயின் அறை பொருந்தாது. 2022 ஜூன் 30 அன்று ஆந்திராவின் ஸ்ரீ சத்யசாயி மாவட்டத்தில் வயல்வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களின் ஆட்டோமீது உயர் அழுத்தக் கம்பி அறுந்து விழுந்தது. ஐந்து பெண்கள் கருகி இறந்தார்கள். கம்பத்தில் ஓர் அணில் குறுக்கே பாய்ந்ததால் கம்பி அறுந்தது என்று மின்துறை விளக்கம் சொன்னது. கூலிக்குப் போன அந்தப் பெண்களுக்கு, தப்பிக்கும் வழியை யோசிக்கக்கூட நேரம் இருந்திருக்காது.

“வண்டிக்குத்தான் ரப்பர் டயர் இருக்கிறதே, கரண்ட் எப்படித் தரைக்கு வரும்?” என்று பலர் கேட்பார்கள். தூய ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் கரித்தூள். கரி மின்கடத்தி. ரேடியல் டயருக்குள் எஃகு இழைகளும் ஓடுகின்றன. வெளிப்புறத்தில் சேறும் ஈரமும் வேறு. வீட்டு 230 வோல்ட்டுக்கு எப்படியோ, ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு முன்னால் இந்த டயரை நம்ப முடியாது. சில வண்டிகளில் டயர் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அப்போது வண்டி 6,350 வோல்ட்டிலும் பக்கத்துத் தரை ஏறக்குறைய பூச்சியத்திலும் இருக்கும். சில வண்டிகளில் டயரைத் துளைத்துக்கொண்டு மின்சாரம் தரைக்குள் பாயும். அப்போது தரையே மின்னேறிவிடும். இரண்டில் எது நடந்தாலும், ஒரு கை வண்டியிலும் ஒரு கால் தரையிலும் இருப்பவர்தான் பாலமாகிறார். களிமேட்டுத் தேரை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் கொடுமையாகத் தெரியும். தேரைத் தொட்டுத் தள்ளுபவருக்கும், திருப்பிவிடுபவருக்கும் கை தேரில், கால் மண்ணில். சாலையில் தண்ணீர் தேங்கி நின்றதால் பலர் தேரிலிருந்து விலகி நடந்தார்கள், அதனால்தான் பலி இத்தோடு நின்றது என்று அன்றைய செய்திகள் சொல்லின.

தரை மின்னேறும் விதத்தைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். களத்தில் குவித்த நெல்லைக் கற்பனை செய்துகொள்ளலாம். உச்சியில் சரிவு செங்குத்தாக இருக்கும். கீழே வர வர மெல்லப் பரந்து கடைசியில் தரையோடு தரையாகிவிடும். வண்டி நிற்கும் இடத்தைச் சுற்றி மண்ணில் மின்னழுத்தமும் இப்படித்தான் குவிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாமல். அந்தச் சரிவில் ஒருவர் நடக்கிறார் என்றால் அவருடைய முன்காலும் பின்காலும் வேறுவேறு உயரத்தில், அதாவது வேறுவேறு அழுத்தத்தில் இருக்கும். அந்த வித்தியாசம் ஒரு கால் வழியே ஏறி மறுகால் வழியே இறங்கும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் திடுக்கிடும். கணக்கை எளிதாக்க, மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும் இடத்தை 1 மீட்டர் ஆரமுள்ள அரைக்கோளம் என்றும், அதன் விளிம்பில் முழு 6,350 வோல்ட் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரே சீரான மண்ணில் அழுத்தம் தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். 2 மீட்டரில் பாதி, 10 மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. விளிம்பில் நிற்பவர் 80 சென்டிமீட்டர் எட்டுவைத்தால் இரு கால்களுக்கு நடுவே ஏறக்குறைய 2,800 வோல்ட். அதே எட்டு 10 மீட்டர் தள்ளி வைத்தால் 50 வோல்ட்டுக்கும் குறைவு. உண்மையான மண் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஈரம், பாறை, வாய்க்கால், கம்பிவேலி எல்லாம் சரிவை மாற்றிவிடும். ஆனாலும் 11 கிலோவோல்ட் கம்பி விழுந்த இடத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் விலகி நில்லுங்கள் என்று சொல்வதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். பெரிய கோபுரங்களில் போகும் 110, 230 கிலோவோல்ட் கம்பிகளுக்கு இன்னும் அதிகம் விலக வேண்டும்.

மனித உடலுக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். ஒரு மில்லியாம்பியர் போனால் சுருக்கென்று தெரியும். 10 மில்லியாம்பியர் அளவில் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். 50 முதல் 100 மில்லியாம்பியர் நெஞ்சின் வழியே சில நொடி பாய்ந்தால் இதயத் துடிப்பு தறிகெட்டுவிடக்கூடும். கால் வழியே ஏறிக் கால் வழியே இறங்கும் மின்சாரம் இதயத்தை நேராகத் தொடாதே என்று தோன்றலாம். அது முதலில் கால் தசைகளை வெட்டி இழுக்கும். ஆள் விழுவார். விழுந்தபின் கையும் நெஞ்சும் மண்ணில் பரவிக் கிடக்கும், அப்போது பாதை இதயத்தின் வழியாகிவிடும்.

கால்நடைகளின் நிலை இன்னும் மோசம். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே தூரம் அதிகம், இதயமோ அந்த வழியிலேயே இருக்கிறது. 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தில் இடிமழையில் 323 கலைமான்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. நெருங்கி நின்ற மந்தையின் காலடியில் மண்ணுக்குள் பரவிய மின்னல்தான் அத்தனையையும் சாய்த்தது. அறுந்த கம்பியருகே மாட்டை மீட்கப் போய் மாட்டோடு விவசாயியும் இறக்கும் செய்திகளுக்கும் இதே இயற்பியல்தான் காரணம்.

ஆகவே கம்பி பட்ட வண்டிக்குள் இருப்பவர் செய்ய வேண்டிய முதல் காரியம், உள்ளேயே இருப்பது. ஓட்டுநரால் கேபினில் உட்கார்ந்தபடியே டிப்பர் தொட்டியை இறக்கவோ, கிரேன் கையை விலக்கவோ, வந்த வழியே வண்டியை எடுக்கவோ முடிந்தால், கம்பி எதிலும் சிக்கிக்கொள்ளவில்லை என்பது உறுதியானால், பக்கத்தில் ஆள் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்யலாம். கம்பி சுற்றிக்கொண்டிருந்தால் அசைக்கக் கூடாது. கம்பத்தையே இழுத்துச் சாய்த்துவிடும். செல்போனில் பேசலாம், அதனால் கெடுதல் இல்லை. தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் மின்னகம் உதவி மையம் 94987 94987 என்ற எண்ணில் இரவு பகல் இயங்குகிறது. 1912, 112 ஆகிய எண்களும் உண்டு. பக்கத்துக் கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ எழுதியிருக்கும் எண்ணைத் தூரத்திலிருந்தே படித்துச் சொன்னால் எந்த ஃபீடரை, அதாவது எந்த மின்வழியை, நிறுத்துவது என்று துணை மின்நிலையத்தில் சட்டென்று தெரிந்துகொள்வார்கள். ஊர்ப்பெயர் மட்டும் சொன்னால் பல நிமிடங்கள் வீணாகும்.

உள்ளே இருக்க விடாமல் செய்வது ஒன்றே ஒன்று, தீ. வண்டி எரியத் தொடங்கினால் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் இறங்குவது என்ற சொல்லுக்கு இங்கே வழக்கமான பொருள் இல்லை. வழக்கமாக லாரி ஓட்டுநர் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றுவார். அந்த ஒரு நொடியில் 6,350 வோல்ட்டும் கையில் ஏறிக் காலில் இறங்கும். வண்டியைத் தொட்டிருக்கும்போது தரையைத் தொடக் கூடாது, தரையைத் தொட்டபின் வண்டியைத் தொடக் கூடாது. ஆகவே கதவைத் திறந்து, விளிம்பில் இரு பாதங்களையும் சேர்த்து நின்று, கைகளை மார்போடு மடக்கிக்கொண்டு, வண்டியின் எந்தப் பகுதியும் உடலில் படாமல் தள்ளிக் குதிக்க வேண்டும். இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையில் பதிய வேண்டும், விழாமல் நிற்க வேண்டும். பிறகு ஓடவும் கூடாது, நடக்கவும் கூடாது. பாதங்கள் ஒன்றையொன்று உரசியபடி, தரையை விட்டுத் தூக்காமல், விரற்கடை விரற்கடையாகத் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும். முன்னே சொன்ன கணக்கின்படி, விளிம்பில் 10 சென்டிமீட்டர் நகர்ந்தாலே 500 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வரும். அதனால் தேய்த்து நகர்வது ஆபத்தைக் குறைக்கும், அடியோடு போக்காது. தீ இல்லாதபோது இதை முயலவே கூடாது என்பது அதனால்தான்.

தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் இதைப் பொருத்திப் பார்த்தால்தான் சிக்கல் புரிகிறது. படிக்கட்டில் தொங்குபவர்கள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருப்பார்கள். சத்தம் கேட்டதும் அவர்களுடைய கால்தான் முதலில் தரையைத் தேடும். கை இன்னும் கம்பியில் இருக்கும். அந்த நேரத்தில் பேருந்தின் உயிர் நடத்துநரின் குரலில் இருக்கிறது. படியில் நிற்பவர்களை உள்ளே ஏறச் சொல்லி, ஒருவரையும் இறங்க விடாமல் அவர் நிறுத்த வேண்டும். தீயால் இறங்க நேர்ந்தால் கடைசிப் படியிலிருந்து ஒவ்வொருவராக, கம்பியைப் பிடிக்காமல் குதிக்க வேண்டும். குழந்தையைத் தாய் தன் மார்போடு அணைத்துக்கொண்டே குதிக்க வேண்டும். கீழே நிற்பவர் கைநீட்ட, மேலிருந்து குழந்தையை நீட்டிக் கொடுத்தால் வண்டிக்கும் மண்ணுக்கும் நடுவே அந்தக் குழந்தைதான் பாலமாகும். எந்தத் தாய்க்கும் அந்தப் பதற்றத்தில் தோன்றக்கூடிய காரியம் அது. அதனாலேயே முன்கூட்டி ஒருமுறையாவது காதில் விழுந்திருக்க வேண்டியது.

வேடிக்கை பார்ப்பவர்கள், ஓடி வருபவர்கள் பக்கம் வருவோம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. உலர்ந்த மூங்கில் கழியால் தட்டிவிடலாம், ரப்பர் செருப்பு போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கைதான். வீட்டு மின்சாரத்தில் சில நேரம் கைகொடுத்த உபாயம் 11 கிலோவோல்ட்டில் கைவிட்டுவிடும். கழிக்குள் இருக்கும் கொஞ்ச ஈரமே அந்த அழுத்தத்துக்குப் போதும். கம்பியில் பொறி இல்லை, சத்தமில்லை, தெருவில் விளக்கும் அணைந்துவிட்டது, ஆகவே கரண்ட் போய்விட்டது என்று முடிவுகட்டுவது இன்னொரு பெருந்தவறு. காய்ந்த மண்ணிலும் தார்ச் சாலையிலும் விழுந்த கம்பி குறைந்த மின்சாரத்தையே கசியவிடும். துணை மின்நிலையத்தின் பாதுகாப்புக் கருவி அதைக் கவனிக்காமலே போகலாம். கவனித்து நிறுத்தினாலும், மரக்கிளை உரசியதுபோல் தற்காலிகக் கோளாறாக இருக்கலாம் என்ற எண்ணத்தில் தானியங்கிக் கருவியோ பணியாளரோ சில நொடிகளிலோ நிமிடங்களிலோ மறுபடி மின்சாரத்தை விட்டுப்பார்ப்பது வழக்கம்.

பொறுத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு 2022 நவம்பர் 27 இரவு அமெரிக்காவில் நடந்த ஒரு மீட்பு சாட்சி. மேரிலாந்து மாநிலம் கெய்தர்ஸ்பர்க்கில் ஒரு சிறு விமானம் பனிமூட்டத்தில் மின்கோபுரத்தில் மோதி, ஏறக்குறைய 100 அடி உயரத்தில் கம்பிகளுக்கு நடுவே சிக்கித் தொங்கியது. உள்ளே இரண்டு பேர் காயத்தோடு, குளிரில். கீழே தீயணைப்பு வீரர்களும் ஏணிகளும் தயார். ஆனால் மின்நிறுவன ஊழியர்கள் மேலே போய்க் கம்பிகளைத் தரையோடு இணைத்து, மின்சாரம் இல்லை என்று உறுதி சொல்லும்வரை யாரும் விமானத்தை நெருங்கவில்லை. ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆனது. நள்ளிரவு தாண்டி இருவரும் உயிரோடு இறக்கப்பட்டார்கள். மீட்கப் போனவர்களில் ஒருவருக்கும் மின்சாரம் பாயவில்லை.

நம் ஊர் லைன்மேன்களும் இதே ஒழுங்கில்தான் வேலை செய்ய வேண்டும். துணை மின்நிலையத்தில் ஃபீடரை நிறுத்தச் சொல்லி “எல்.சி.” வாங்குவார்கள், அதாவது லைன் கிளியர். அருகிலுள்ள ஏ.பி. சுவிட்சை, அதாவது கம்பத்து மின்துண்டிப்பானைத் திறந்து, அதன் கத்திபோன்ற தகடுகள் மூன்றும் பிரிந்துவிட்டனவா என்று கண்ணால் பார்ப்பார்கள். பிறகு நீண்ட கழியின் முனையிலுள்ள கொக்கியை மூன்று கம்பிகளிலும் மாட்டித் தரையோடு இணைப்பார்கள். இதுதான் எர்த் ராட். நிறுத்தியபின் எதற்கு இது? யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் வழியே பின்பக்கமாக உயர் அழுத்தம் ஏறி வரும். வேறு ஃபீடரை நிறுத்தியிருக்கவும் கூடும். எர்த் ராட் மாட்டிய கம்பியில் மின்சாரம் வந்தால் அது மனிதரை விட்டுவிட்டு மண்ணுக்குள் போகும். அவர்கள் “வரலாம்” என்று சொன்னபிறகுதான் வண்டியை நெருங்க வேண்டும். மூச்சும் நாடியும் இல்லாமல் கிடப்பவருக்கு அந்த நொடியிலேயே மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தத் தொடங்கி, 108 ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் செய்தால் நின்ற இதயம் மீள வாய்ப்புண்டு. மின்சாரம் பட்டு விழுந்தவர்கள் பலர் இளவயதினர், ஆரோக்கியமான இதயம் உடையவர்கள். அவர்களைக் கைவிட அவசரப்படக் கூடாது.

இத்தனைக்கும் விதிகளில் இடைவெளி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி தெருவைக் குறுக்கே கடக்கும் 11 கிலோவோல்ட் கம்பி 6.1 மீட்டருக்குக் கீழே தொங்கக் கூடாது. தெரு அல்லாத இடங்களில், உறையில்லாத கம்பிக்கு 4.6 மீட்டரே போதும். சரக்கு ஏற்றாத பெரிய லாரியே 4 மீட்டரை நெருங்கும் என்றால், வயல்வரப்பு மேட்டில் ஏறி நிற்கும் வைக்கோல் லாரிக்கு எவ்வளவு மிஞ்சும்? அலுமினியக் கம்பி வெயிலில் நீண்டு தொய்யும் என்பதால் காலையில் தாராளமாகப் போன வண்டி பிற்பகலில் உரசும். சாலையைத் தார் போட்டுத் தார் போட்டு உயர்த்தும்போது கம்பங்களை யாரும் உயர்த்துவதில்லை. இதற்கு ஓட்டுநரைக் குறை சொல்வது நியாயமே இல்லை. சாலை போடும் துறையும் மின்வாரியமும் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

ஆபத்து நீங்கிவிட்டது, கம்பியும் எடுத்தாயிற்று என்றபிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. மின்சாரம் பாய்ந்த டயருக்குள் ரப்பர் சூட்டில் சிதைந்து எரிவாயுவாகி, அழுத்தம் கூடிக்கொண்டே போகலாம். வெளியே புகையோ தீயோ தெரியாது. பல மணி நேரம் கழித்துத் திடீரென வெடித்து, சக்கர வளையத்தையே தூக்கி எறியும். சுரங்கங்களில் ராட்சத லாரிகள் மின்கம்பியில் பட்டால் சுற்றிலும் ஆள் நடமாட்டத்தை நிறுத்தி, 24 மணி நேரம் கிட்டே போகாமல் விட்டுவைக்கிறார்கள். நம் சாலைகளில் கம்பி பட்டுத் தப்பிய டிப்பரையும் போர்வெல் வண்டியையும் அன்று மாலையே பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போவது வழக்கமாக இருக்கிறது. டயர்களை ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு, பிறகு கழற்றி உட்புறத்தையும் பார்த்த பின்னரே அந்த வண்டியைச் சாலையில் இறக்க வேண்டும்.